கண்ணுச்சாமி போட்ட சத்தம்

முட்டியை மடக்கி நீட்டும்போது கண்ணுச்சாமி எண்ண மாட்டார். எண்ணினால் வலி தெரியுமாம். அதனால் அமெரிக்கக் காட்டுக் கதைக்குப் போய்விடுவார். "நர்சம்மா, அந்த மான் நம்ம மிளா மாதிரி ரெண்டு மடங்கு. கொம்பு மட்டும் இந்தக் கட்டில் அகலம் இருக்கும்." கதை கொம்போடு நின்றுவிடும். நான் பத்து எண்ணி முடித்துக் காலைக் கீழே வைப்பேன்.

வயது எழுபத்தொன்று. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு நாகமலை புதுக்கோட்டையில். மூட்டு மாற்றி ஐந்து வாரம் ஆகிறது. வாக்கரைப் பிடித்துத் தெருவில் நடக்கும்போது, அமெரிக்காவில் வேட்டைக்குப் போனபோது கொடுத்த பளீர் ஆரஞ்சு மேல்சட்டையை மாட்டிக்கொள்வார். "லாரிக்காரனுக்குத் தெரியணும்ல." எதிர்வீட்டுப் பெண் ஒரு நாள் குப்பை வண்டிக்காரர் என்று நினைத்து, கூடையோடு அவர் முன்னால் வந்து நின்றாள்.

மீதிக் கதையைச் சொன்னது மனைவி ஒச்சாயி. மருமகன் விக்ரம் ஏழு வருடம் குலுக்கலில் பெயர் கொடுத்துக் காத்திருந்து, போன வருடம் கொலராடோவில் எல்க் மான் ஒன்றைச் சுட அனுமதி வாங்கினார். மகளைப் பார்க்கப் போயிருந்த மாமனாரையும் கூட்டிப் போனார். வழிகாட்டியாக ஒரு வெள்ளைக்காரர். குழல் ஊதி மானை வரவழைப்பவர். அனுமதியின் கடைசி நாள், விடியலிலிருந்து மூன்று பேரும் ஈர மண்ணில் குப்புறப் படுத்துக் கிடந்தார்கள். மான் மரங்களை விட்டு வெளியே வந்தது. விக்ரமின் விரல் துப்பாக்கி விசையில்.

கண்ணுச்சாமி எழுந்து நின்று கத்திவிட்டார். "அந்தா போகுது! விட்றாதீக!" மான் ஒரே பாய்ச்சலில் காட்டுக்குள் மறைந்தது.

வாடிப்பட்டிப் பக்கம் இளவயதில் அவர் போன முயல் வேட்டையில் அதுதான் முறை. முதலில் கண்டவன் கத்த வேண்டும். அப்போதுதான் மற்றவர்கள் வலைப் பக்கம் விரட்டுவார்கள். கத்தியவனுக்குத் தனிப் பங்கு. கண்டும் வாய் திறக்காதவனை அடுத்த முறை சேர்க்க மாட்டார்கள்.

"இவருக்கும் தனிப் பங்கு கெடைச்சுச்சு. மாப்ள ஒரு வருசமா முகங்குடுத்துப் பேசல" என்றாள் ஒச்சாயி.

"பேசாட்டி என்ன?" என்பார் இவர். ஆனால் ஞாயிறு காலை எட்டு மணிக்கு மகள் ஆர்த்திகா வீடியோவில் அழைத்தால், கண் அவள் தோளுக்குப் பின்னால்தான் இருக்கும். விக்ரம் நடந்துகொண்டே, "நல்லாருக்கீங்களா மாமா" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போவார். அந்த ஒரு வரிக்காக இவர் ஏழு மணிக்கே சவரம் செய்து உட்கார்ந்திருப்பார்.

போன ஞாயிறு விக்ரம் போகவில்லை. போனை வாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"முட்டி மடங்குதா மாமா?"

"மடங்குது மாப்ள. நர்சம்மா விட மாட்டேங்குறாக."

"திரும்பப் பேர் குடுத்திருக்கேன். இன்னும் ஏழு வருசம் ஆகும். நல்லா மடக்கிப் பழகுங்க."

"எழுபத்தெட்டு வயசுலயா?" என்றாள் ஒச்சாயி. "அம்புட்டுத் தூரம் போயி மறுபடியும் கத்தவா?"

விக்ரம் சிரித்துவிட்டார். "கத்துவீங்களா மாமா?"

கண்ணுச்சாமி பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் வைத்துக்கொண்டார். அழைப்பு முடியும்வரை எடுக்கவில்லை.