முசியேவின் முதல் வசனம்

பீங்கான் தொழிற்பேட்டையில் ஜாடிக்குக் கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு ஆயுத பூஜை என்றால் நாடகம்தான். அந்த வருஷம் ஒரு பிரெஞ்சு நடிகரே கிடைத்தார். எங்களைப் போலக் கறுப்புதான்; புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பிரஜை. பட்டாளத்தோடு பாரிசுக்குப் போய், அங்கேயே நாடகத்திலும் சினிமாவிலும் இருபது வருஷம் நடித்துவிட்டு, விருத்தாசலத்தில் தங்கை வீட்டுக்கு வந்திருந்தார். அவர்கள் ஊர் மரியாதைப்படி அவரை நான் முசியே என்றுதான் கூப்பிடுவேன்.

"என்னா வேஷம் முசியே கட்னீங்க அங்க?"

"வேலக்காரன். தட்டு எடுத்தாருவேன். சினிமால கதவு தொறந்து வுடுவேன்."

"அப்ப நீங்களும் கதவும் ஒண்ணுதான்."

"கதவாச்சும் கிரீச்சுன்னு கத்தும், தம்பி. எனக்கு ஒரு வசனம் குடுக்கல."

அவருக்கு வெள்ளைக்கார துரை வேஷம் வைத்திருந்தோம். சுருட்டோடு நின்றால் போதும். அவரோ அப்பா வேஷம் கேட்டார். மகன் லாரியில் அடிபட்டுச் செத்த சேதியை வாசலில் நின்று கேட்கிற அப்பா. அம்மா உள்ளே சோறு வடித்துக்கொண்டிருப்பாள். ஒரு தடவையாவது மேடையில் தமிழில் பேசிவிட வேண்டும் என்றார். கொடுத்துவிட்டோம்.

எட்டாவதோடு நின்ற நான், படுதாவுக்குப் பின்னால் நோட்டைப் பிடித்து வசனம் எடுத்துக் கொடுப்பவன். ஒத்திகையில் என்னிடம் சொன்னார்: "சேதி கேட்டதும் கொஞ்சநேரம் சும்மா நிப்பேன். நீ வாயத் தொறக்காத."

"நிக்கறதுதான் உங்களுக்குப் பழக்கமாச்சே" என்றேன்.

பூஜையன்று சாயந்தரம் மேடையில், சேதி கேட்டதும் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். முன்வரிசையில் யாரோ இருமினார்கள். மனிதர் மறந்தே போய்விட்டார் என்று நினைத்து, தொண்டை கிழியக் கத்தினேன்: "எம்புள்ள செத்துட்டானா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இருபது வருஷமாக அவருக்குக் கிடைக்காத வசனத்தை நான் பேசிவிட்டேன்.

முசியே மெதுவாகப் படுதா பக்கம் திரும்பி, உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவாப் பேசுப்பா. உள்ள அவ இருக்கா. காதுல வுழுந்துரப் போவுது."

அது நோட்டில் இல்லை. சிரிப்பு அப்படியே நின்றது. பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

திரை விழுந்ததும் நழுவப் பார்த்தேன். தோளைப் பிடித்துக்கொண்டார்.

"தப்புதாங்க, முசியே."

"அத நோட்டுல எழுதிக்க. அடுத்த வாரம் வேப்பூர்ல போடறப்ப, இதே எடத்துல இப்பிடியே கத்து."

"அங்கயும் சிரிச்சாங்கன்னா?"

"சிரிக்கட்டும். அப்பறம் பேசறது நான்தான?"