தரை அதிர்ந்தால் வருவாள்

நகரியில் எங்கள் வீட்டின் முன்பக்கம் முழுவதும் பவர்லூம்தான். ராப்பகலாகத் தறி ஓடும்; பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் உதட்டாலும் கையாலும்தான் பேசுவோம், சண்டைகூட அப்படித்தான். எனக்கு வாய் நீளம் என்பார் என் வீட்டுக்காரர். கை அதைவிட நீளம். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் காலால் தரையை ஓங்கி உதைப்போம். அதிர்ந்ததும் திரும்பிப் பார்ப்பார்கள்.

எங்கள் மகள் அந்த வீட்டில் பிறந்தவள். தரையை உதைத்தால் எங்கிருந்தாலும் ஓடி வருவாள். சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நிற்பாள்; ஒரு தறி நின்றால் எங்களுக்கு முன்பே அதைக் கை நீட்டிக் காட்டுவாள். கரண்ட் போனால் தூக்கத்திலிருந்து அலறிக்கொண்டு எழுவாள். இந்த வாண்டுக்கு என்ன புத்தி பாரேன் என்று எனக்குப் பெருமை தாங்காது. இரண்டு வயது தாண்டியும் பேச்சு வராததுதான் நெஞ்சை அரித்தது.

"தறிச் சத்தத்துலயே வளந்துக்கினு கீது, பேச்சு லேட்டாத்தான் வரும். நீ சும்மா பயந்துக்கினு கீற," என்றார் வீட்டுக்காரர். நம்பினேன். நம்பத்தானே எனக்கும் ஆசை.

போன வருஷம் சத்தியவேட்டில் நாத்தனாரின் புது வீட்டுக்குப் போனோம். தறி இல்லாத வீடு. அப்படி ஓர் அமைதி. மகள் கூடத்தில் உட்கார்ந்து தரையைத் தடவித் தடவிப் பார்த்தாள், எதையோ தேடுகிறவள் மாதிரி.

"இன்னா அண்ணி, எவ்ளோ கூப்புட்டாலும் திரும்பவே மாட்டேங்குது?" என்றாள் நாத்தனார்.

"புது எடம், அதான். ஒனக்கு வேற வேலையில்லையா?" என்று எரிந்து விழுந்தேன்.

சாயங்காலம் யாரோ கேட்டைத் திறந்து போட்டிருந்தார்கள். நான் வாசலுக்கு வந்தபோது மகள் சிமெண்டு ரோட்டின் ஓரத்தில், எனக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள். கம்பெனிக்குப் போகிற கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது.

"பாப்பா!" என்று கத்தினேன். தெருவே திரும்பியது. அவள் திரும்பவில்லை.

ஐயோ, என் குழந்தைக்குக் காது கேட்கவில்லை. பிறந்ததிலிருந்தே கேட்டதில்லை. எங்கள் தறி வீட்டில் அது யாருக்கும் தெரிய வழியே இல்லை.

ஓடிக்கொண்டே, பாழாய்ப்போன பழக்கத்தில், காலை ஓங்கி உதைத்தேன். வாசல் முழுக்கக் கட்டட மணல். அது அதிரவில்லை.

லாரி வந்த ரோடு அதிர்ந்தது. அவள் உள்ளங்கையைச் சிமெண்டில் பதித்தாள். சட்டென்று எழுந்து, லாரி வந்த பக்கமாக ஓடினாள்.

டிரைவர் பிரேக் போட்டான். அவளுக்கு எதிரில், கை தொடும் தூரத்தில் லாரி நின்றது. வாரி எடுத்தபோது அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள், கூப்பிட்டதும் வந்துவிட்டேன் பார் என்று.