ஒரே பக்கத்தில் ஏழு கண்ணு

மகளின் சாதிச் சான்றிதழுக்குப் பழைய ஆதாரம் கேட்கிறார்கள். அதற்காக இன்று ஆவண அறையில் உட்கார்ந்து என் தாத்தாவைத் தேடினேன். சுதந்திரத்துக்கு முந்தைய, எங்கள் மலையிலுள்ள அரியூர் நாட்டின் பிறப்புப் பதிவேடு அது.

தேடிய பக்கத்தில் ஏழு குழந்தைகள். ஏழு பேருக்கும் ஒரே பெயர், கண்ணு!

மலைக்குக் கீழேயிருந்து வந்த எழுத்தர் "குழந்தை பேரென்ன?" என்று கேட்டிருப்பார். தாய்மார்களும் இடுப்பிலிருந்ததைக் கொஞ்சிக்கொண்டே "கண்ணுங்க" என்றிருப்பார்கள். கணவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள் என்பதால் தகப்பன் பத்தியில் வெறும் கோடு.

இதில் என் தாத்தா எந்தக் கண்ணு என்று தலையில் கை வைத்துவிட்டேன். பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, கடைசிப் பத்தியப் படிக்கலீங்களா?"

படித்தேன். தவறு தெரிந்ததும் அந்த எழுத்தர் மறுபடி மலையேறியிருக்கிறார், அதுவும் ரோடில்லாத காலத்தில். வேறு மையில், பொடி எழுத்தில், ஒவ்வொரு கண்ணுக்கும் ஓர் அடையாளம்.

'ஓடைக்கு அக்கரை, இரட்டையரில் மூத்தது.'

'சாமை அறுத்த அன்று பிறந்தது.'

ஐந்தாவது கண்ணுக்கு: 'மிளகுக்கொடி ஏறிய பலாமரத்து ஊடு.'

அது எங்கள் வீடு. இன்றும் ஊரில் பலாமரத்து ஊடு என்றுதான் சொல்வார்கள். அரசாங்கப் பதிவேட்டில்கூட அவர் அதை 'வீடு' என்று திருத்தவில்லை பாருங்கள், அங்கேதான் எனக்குக் கண் கலங்கியது.

"இந்த எழுத்தரு பேரென்னங்க்கா?"

"கையெழுத்து வெறும் சுழியா இருக்குதுங்க. இத்தன வருசமா எனக்கே படிக்க வரலீங்க."

கையெழுத்தைப் படமெடுத்து இங்கே போட்டிருக்கிறேன். யாருக்காவது படிக்க வந்தால் சொல்லுங்கள்.

அதுவரை அவர் எட்டாவது கண்ணு.