நாலரைக் கட்டை

என் சொந்தப் பாட்டு என்று உலகத்தில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். ஒரே மெட்டில் தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை பாடி, திருப்பதியில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் பதிவுசெய்து யூடியூபில் போட்டோம். ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் ரிசப்ஷன் என்றால் அந்தப் பாட்டு இல்லாமல் கச்சேரி முடியாது. சினிமாப் பாட்டை யாரும் பாடலாம், இதை நான்தான் பாட வேண்டும். ஆறு கட்டை சுருதி, நல்ல உயரம். பல்லவியின் கடைசியில் குரல் உச்சிக்கு ஏறி அங்கேயே நிற்கும். விசில் பறக்கும். எனக்குத் தலைக்கனம் ஏறும்.

நாற்பதைத் தாண்டியதும் அந்த உச்சி என்னைக் கைவிட ஆரம்பித்தது. சித்தூர் மேடை ஒன்றில் உச்சிக்கு ஏறும்போதே குரல் உடைந்தது. புகை மெஷின்மேல் பழியைப் போட்டு இருமிச் சமாளித்தேன். எங்கள் ட்ரூப்பில் கீபோர்டு வாசிப்பவர் என் வீட்டுக்காரர்தான். சுருதியைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாமா என்று பக்குவமாகக் கேட்டார். நான் சாமியாடிவிட்டேன். சுருதி இறங்கினால் மார்க்கெட்டும் இறங்கிவிடும், புதுப் பாடகிகள் வரிசையில் நிற்கிறார்கள், அப்புறம் என்னை யார் கூப்பிடுவார்கள் என்று கத்தினேன். எல்லாம் பயம். மேடை இல்லையென்றால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் கீபோர்டைத் துடைக்கப் போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கச்சேரி நாராயணவனத்தில். பெண் வீடு சத்தியவேட்டுத் தமிழ்க் குடும்பம், மாப்பிள்ளை வீடு தெலுங்கு. என் பாட்டின் முறை வந்தது. முன்னிசை தொடங்கிய நொடியே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலரைக் கட்டையில் வாசிக்கிறார்கள்! கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கினால் போதும், விரல் மாறாமல் சுருதி இறங்கிவிடும். ஆனால் பேஸ் கிட்டாரில் அந்தப் பட்டன் கிடையாதே, அதுவும் சேர்ந்து இறங்கியிருந்தது. அப்படியென்றால் எனக்குத் தெரியாமல் எல்லோரும் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். திரும்பி முறைத்தேன். அவர் கீபோர்டில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். மண்டபம் நிறைய ஆட்கள், சண்டை போடவா முடியும்? பாடினேன்.

இரண்டாவது வரியிலேயே முன்வரிசையில் ஏதோ சத்தம். பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டார் தமிழில், மாப்பிள்ளை வீட்டார் தெலுங்கில். வார்த்தைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன, மெட்டு மட்டும் ஒன்றாகப் போனது. சாம்பார் வாளியோடு போனவர்கூட நடுவழியில் நின்று பாடினார். உச்சி வந்தது. குரல் உடையவில்லை, அலுங்காமல் ஏறி நின்றது. பார்த்தால் மொத்த மண்டபமும் என்னோடு அங்கே ஏறி நிற்கிறது. என் குரலே எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு எந்த விசிலிலும் கிடைத்ததில்லை.

பாட்டு முடிந்ததும் பெண்ணின் அத்தை, கை கழுவிய ஈரத்தோடு மேடையேறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தினி வருசமா ஒன் வாயப் பாத்துக்கினு குந்திகினு இருந்தோம்மா. எங்களுக்கு எட்டவே எட்டாது. இன்னிக்கிதான் நாங்களும் பாடனோம். இன்னொரு தபா பாடு."

இன்னொரு தபா பாடினேன். அதற்கு மேலும் ஒரு தபா.

திரும்பும்போது வேனில் வீட்டுக்காரருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவரே மெல்ல ஆரம்பித்தார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா ஒத்துக்கினு இருப்பியா?"

மாட்டேன் என்றேன். பின் சீட்டில் பேஸ் கிட்டார்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். புகை மெஷின் வேனில் இல்லையே என்று கேட்டேன். வண்டியே சிரித்தது.

அடுத்த கச்சேரி புத்தூரில். என் பாட்டை அறிவித்ததும் அவர் பட்டனைத் தொடாமல் என் முகத்தையே பார்த்தார். நான் மைக்கோடு நடந்துபோய், நானே கையை நீட்டி அதை அமுக்கிவிட்டு, கூட்டத்தைப் பார்த்து, சேர்ந்து பாடலாமா என்று கேட்டேன்.