வாசலில் ஒரு ஜோடி ஷூ

தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினை வீடு வீடாகப் போய் விற்கிறேன். மணியடிக்கும் முன் வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்ப்பது எங்கள் வழக்கம். சின்னச் செருப்பு இருந்தால் குழந்தையின் உடம்பைச் சொல்லிப் பேச்சைத் தொடங்க வேண்டும். கம்பெனியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

போன மாதம் மும்பையில், தமிழர்கள் நிறைய இருக்கும் மாதுங்காவில், மூன்றாம் மாடி வீட்டு வாசலில் ஒரு ஜோடி பள்ளிக்கூட ஷூ இருந்தது. அதன்மேல் படிந்திருந்த தூசியை நான் யோசிக்கவில்லை. கதவைத் திறந்த அம்மாளிடம் தமிழிலேயே ஆரம்பித்தேன்.

"பாப்பா குழாய்த் தண்ணியவா குடிக்குது? நாளைக்கு ஒரு காய்ச்சல்னா நீங்கதானம்மா பாக்கணும்."

அவர் ஷூவைப் பார்த்தார்.

"பாத்தோம். பத்து நாள் ஆஸ்பத்திரில இருந்தா. ஆத்துக்குத் திரும்பி வரலை."

கையிலிருந்த விளம்பரத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். படியிறங்கத் திரும்பினேன்.

"வெயில்ல வந்திருக்கேள். தண்ணி குடிச்சுட்டுப் போங்கோ."

டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன்.

தாராவிக்கு வந்ததும், வீட்டு வாசலில் கிடந்த என் மகளின் செருப்பை எடுத்து உள்ளே வைத்தேன்.

"என்னப்பா, செருப்பப் போயி வீட்டுக்குள்ள கொண்டு வாறீய?" என்று சிரித்தாள்.

இன்றும் தினமும் உள்ளேதான் எடுத்து வைக்கிறேன்.