தப்பாகத் திருப்பிச் சொன்னவள்

என் மனைவி மிசாவோ வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்தான் சொன்னாள். ஆனால் அதை வருஷா வருஷம் சொன்னாள். அந்தப் பொய்யால்தான் நான் இன்னும் உயிரோடு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மலையடிவாரத்தில் இருக்கும் வன ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வேலை. ஆராய்ச்சியாளர்கள் தங்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி எழுதி வைப்பதை ஊருக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும். பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பேச வேண்டும், கண்காட்சிக்குப் பலகை எழுத வேண்டும், பத்திரிகைக்காரர்களோடு மல்லுக்கட்ட வேண்டும். ஒருமுறை எவனோ 'அழியும் காடு' என்று தலைப்புப் போட்டுவிட்டான். காலைக் கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு போனைக் கையில் எடுத்தாள். "அழியலைங்க. கம்பளிப்பூச்சி இலையைத் தின்னிருக்கு, அவ்வளவுதான். அடுத்த வருஷம் துளிர்க்க வாய்ப்பிருக்கு. துளிர்த்தே தீரும்னு எழுதிடாதீங்க, அதுவும் எனக்குத் தெரியாது." கஞ்சி ஆறிப் போனது. இப்படி ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. மீன் வாங்கி வந்து 'பெரிய மீன்' என்று சொன்னால்கூட, எதைவிடப் பெரியது என்று கேட்பாள்.

அவளுடைய பெருமை எல்லாம் அந்த மைக்தான். மேலே புனா மரக்காட்டில் ஒரு கம்பத்தில் மைக்கைக் கட்டி, காட்டின் சத்தத்தை இரவும் பகலும் இணையத்தில் யாரும் கேட்கிற மாதிரி செய்திருந்தாள். எங்கோ தோக்கியோவில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே எங்கள் மலைக் காற்றைக் கேட்டார்கள். 'மரம் அழுகிறதா?' என்று எழுதிக் கேட்பார்கள். 'மரம் அழுவதில்லை. கடுங்குளிரில் தண்டுக்குள் இருக்கும் நீர் உறைந்து மரம் வெடிக்கிறது' என்று ஒவ்வொருவருக்கும் சலிக்காமல் பதில் எழுதுவாள். செத்தவர்கள் முதலில் பக்கத்து மலைக்குத்தான் போகிறார்கள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும், "அதுக்கு இதுவரைக்கும் ஆதாரம் கிடைக்கலை" என்பாள். இல்லை என்று சொல்ல மாட்டாள்.

நான் அதே நிலையத்தில் மரம் அளக்கிறவன். ஒருவன் மரத்தின் நெஞ்சு உயரத்தில் வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டு, நாடாவைச் சுற்றி, மரத்தின் பெயரையும் சென்டிமீட்டரில் சுற்றளவையும் கத்திச் சொல்வான். சரிவில் கீழே நிற்கிற இன்னொருவர் அதை அப்படியே திருப்பிக் கத்திவிட்டு எழுதிக்கொள்வார். திருப்பிச் சொல்லாவிட்டால் அளக்கிறவன் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. தப்பாகத் திருப்பிச் சொன்னால் முதலிலிருந்து அளக்க வேண்டும். மிசாவோ அங்கே முதலில் வந்ததே திருப்பிச் சொல்கிற வேலைக்குத்தான். வந்த அன்றே ஒன்றைத் தப்பாகச் சொல்லி, கொட்டுகிற மழையில் என்னை மறுபடி அளக்க வைத்தாள். திட்டலாம் என்று கீழே இறங்கிப் போனேன். நனைந்த கோழி மாதிரி நின்றுகொண்டு, "தப்பு என்னோடதுதான், ஆனா நீங்க வாயில கொழுக்கட்டையை வச்சுக்கிட்டுக் கத்தினா யாருக்குப் புரியும்?" என்றாள். அந்த வாய்க்காகத்தான் கட்டிக்கொண்டேன்.

டிசம்பர் பன்னிரண்டு எங்கள் மலைத் தெய்வம் மலையம்மாவின் நாள். அன்றைக்கு அவள் தன் மரங்களை எண்ணுகிறாள். யாரும் காட்டுக்குள் போகக் கூடாது. போனவனையும் மரத்தோடு மரமாக எண்ணிவிடுவாள். மரம் வெட்டுகிறவர்கள் எல்லாரும் அன்று லீவு போட்டு, வேகவைத்த அரிசியை மோச்சியாக இடித்து, காய்ந்த ஓகோஸே மீனைப் படையல் வைப்பார்கள். அந்த மீனுக்குக் கோரமான மூஞ்சி. மலையம்மாவும் அழகி இல்லை, பொறாமைக்காரி வேறு. தன்னைவிட அசிங்கமான ஒன்றைப் பார்த்தால் அவளுக்கு மனசு குளிர்ந்துவிடும்.

மிசாவோ அந்த நாளாகப் பார்த்து ஊர் மண்டபத்தில் கூட்டம் வைத்தாள். அன்று ரம்பச் சத்தம் கிடையாது, லாரி கிடையாது, காட்டை அப்படியே கேட்கலாம் என்பது அவள் கணக்கு. பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் வருவதாக ஏற்பாடு. திருப்பிச் சொல்கிற முறையை அவர்களுக்கு விளையாட்டாகவே பழக்கி வைத்திருந்தாள். பள்ளி மைதானத்து மரத்தை ஒருவன் அளந்து கத்த, மற்றவர்கள் தொண்டை கிழியத் திருப்பிக் கத்துவார்கள்.

அன்று காலை பார்த்தால் மைக் ஊமை. ராத்திரி விழுந்த பனி, மேலே மைக்குக்கு மின்சாரம் தருகிற சூரியத் தகட்டை மூடியிருந்தது.

"விடுங்க, நேத்து பதிஞ்சதைப் போட்டுக்கறேன்" என்றாள்.

"நேத்தையதைப் போட்டுட்டு இன்னிக்குன்னு சொல்லுவியா? நீயா?"

அவள் முகம் சுருங்கியது. "நேத்தையதுன்னு சொல்லித்தான் போடுவேன்."

"பிள்ளைங்க கொட்டாவி விடும். தகட்டைத் துடைச்சுட்டு ஓடி வந்துடறேன்."

மரம் வெட்டுவோர் சங்கத் தலைவர் தொகுஸோ அண்ணன் பக்கத்தில் மோச்சி மென்றுகொண்டிருந்தார். "டேய் இசோஜி, போகாதடா. உன் மூஞ்சியைப் பார்த்தா மலையம்மா மீனைத் தூக்கிப் போட்டுட்டு உன்னை வச்சுக்குவா."

"வச்சுக்கட்டும்ணே. அவளாவது நான் வாங்கின மீனைப் பெரிசுன்னு ஒத்துக்குவா."

மிசாவோ சிரித்தாள். ஆனால் என் கோட்டுப் பொத்தான்களை அவளே போட்டுவிட்டாள். அப்படிச் செய்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

தகட்டைத் துடைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. திரும்பினால் என் காலடித் தடங்களைக் காணோம். பனியும் பெய்யவில்லை, காற்றும் இல்லை. மேட்டிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. நாங்கள் அளப்பதற்கு முன் மரத்தை உள்ளங்கையால் தட்டுவோமே, அந்தச் சத்தம். அப்புறம் ஒரு பெண் குரல்.

"புனா. நூற்றி எண்பத்தி ரெண்டு."

பிறகு அமைதி. கொஞ்ச நேரம் கழித்து அடுத்த மரத்தில் தட்டு. "புனா. இருநூற்றி ஏழு." ஒவ்வொரு தடவையும் குரல் காத்திருந்தது. பதில் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அதற்குக் கேட்டது போல நகர்ந்தது. என்னை நோக்கித்தான் வந்தது. ஓடலாம் என்று பார்த்தால் கால் வரவில்லை. மண்ணில் ஊன்றி வைத்த மாதிரி இருந்தது. நான் பயந்தேன். இத்தனை வருஷம் காட்டில் திரிந்தவன், சின்னப் பிள்ளை மாதிரி பயந்து நடுங்கினேன்.

முதுகில் யாரோ தட்டினார்கள். நெஞ்சைச் சுற்றிச் சில்லென்று நாடா இறங்கியது.

"மனுஷன். தொண்ணூற்றி ஆறு."

மண்டபத்தில் நடந்ததைத் தொகுஸோ அண்ணன் பிறகு சொன்னார். ஸ்பீக்கரில் அந்தக் குரல் வந்ததும் பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். மிசாவோ அக்கா யாரையோ காட்டில் நிறுத்தி விளையாட்டு வைத்திருக்கிறாள் என்று நினைத்து, "புனா! நூற்றி எண்பத்தி ரெண்டு!" என்று கூரை அதிரத் திருப்பிக் கத்தினார்கள். அவர்கள் கத்தக் கத்த, அங்கே குரல் அடுத்த மரத்துக்குப் போனது. மிசாவோ மேஜையைப் பிடித்தபடி வெளுத்துப் போய் நின்றாளாம். மைக் ஒருவழிதான். மண்டபத்துச் சத்தம் மேலே போக வழியே இல்லை. அது அவளுக்குத்தானே நன்றாகத் தெரியும்?

"மனுஷன்" என்றதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்து, திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தார்கள். அதற்குள் மிசாவோ கத்தினாள்.

"தேவதாரு! முந்நூற்றிப் பத்து!"

பிள்ளைகளுக்கு அது இன்னும் வேடிக்கை. மண்டபமே "தேவதாரு! முந்நூற்றிப் பத்து!" என்று கத்தியது.

இங்கே என் நெஞ்சிலிருந்து நாடா அவிழ்ந்தது. தட்டுச் சத்தம் மேட்டின் உச்சிக்குத் திரும்பிப் போய், முதல் மரத்திலிருந்து மறுபடி தொடங்கியது.

"அண்ணே, அவரு மேலே நிக்கறாரு. அது எத்தனை தடவை வந்தாலும் நான் தப்பாவே சொல்றேன். நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க" என்றாளாம்.

"இன்னிக்கு நான் உள்ளே போக மாட்டேன் தங்கச்சி. எங்கப்பன் செத்தப்பகூடப் போகலை."

"சரி, நான் போறேன். நீங்க இங்க நின்னு தப்பாச் சொல்றீங்களா?"

அண்ணன் படையல் மீனை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினார். அந்த மீனை முன்னால் நீட்டிக்கொண்டே காட்டுக்குள் வந்தாராம். இப்போதும் சாகே உள்ளே போனால் அந்தக் கதையைச் சொல்வார், சிரிக்காமல்.

முழங்கால் வரை பனியில், கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு நான் நின்றிருந்தேன். கீழே கொண்டுவந்தபோது மிசாவோவுக்குத் தொண்டை கட்டிக் குரலே இல்லை. என் கோட்டைக் கழற்றினாள். அந்தத் துணியில் நெஞ்சு உயரத்தில், முதுகையும் சுற்றி, வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு. டர்பன்டைன் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. கோட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்றைய ஒலிக் குறிப்பை இணையப் பக்கத்தில் போட வேண்டும். 'சத்தம்: பெண் குரல். காரணம்: தெரியவில்லை' என்று போட்டாள். பொய்யில்லாமல் அவ்வளவுதான் எழுத முடியும்.

அடுத்த வருஷம் அந்த நாளில் வேண்டுமென்றே கடலோர ஊருக்குப் போனோம். மத்தியானம் நண்டு தின்றுகொண்டிருக்கும்போது என் நெஞ்சை நாடா இறுக்கியது. மரங்களுக்கு யார் திருப்பிச் சொன்னார்களோ தெரியாது; எனக்கு யாரும் சொல்லவில்லையே, அளப்பவள் நகராமல் நின்றுகொண்டிருந்தாள். மிசாவோ போனில் காட்டு மைக்கின் பக்கத்தைத் திறந்து, சாப்பாட்டுக் கடை நடுவே, "தேவதாரு! முந்நூற்றிப் பத்து!" என்று கத்தினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் மூச்சு திரும்பி வந்தது. அதிலிருந்து வருஷம் தவறாமல், எங்கள் சமையலறையில், கையில் தேநீரோடு அவள் அந்தப் பொய்யைச் சொன்னாள். சரியான எண்ணுக்காக ஊரோடெல்லாம் சண்டை போட்டவள்.

போன மழைக்காலத்தில் அவள் போய்விட்டாள். கணையத்தில் புற்று, கண்டுபிடித்தபோதே தாமதம். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பன்னிரண்டாம் தேதி என்ன பண்ணுவீங்க? நீங்க சரியாச் சொல்லித் தொலைச்சுடுவீங்க. அளக்கறவன் புத்தி" என்றாள்.

"சொல்ல மாட்டேன்டி."

"சொல்லுவீங்க. உங்களை எனக்குத் தெரியும்."

இந்த வருஷம் அந்த நாளில் சமையலறையில் தனியாக மைக்கைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். தட்டுச் சத்தம் வந்தது. மரம் மரமாக இறங்கி வந்தது. என் நெஞ்சில் நாடா சுற்றியது.

"மனுஷன். எண்பத்தி எட்டு."

சரிதான். இளைத்துவிட்டேன். அவள் போனதிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை. சரியான எண் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், எனக்கு அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. அவள் இல்லாத இந்த வீட்டில் என்ன இருக்கிறது? வாயைத் திறந்தேன்.

ஸ்பீக்கரிலிருந்து, சரிவுக்குக் கீழே திருப்பிச் சொல்கிற ஆள் நிற்கிற இடத்திலிருந்து, மூச்சிரைக்க ஒரு குரல் வந்தது.

"தேவதாரு! முந்நூற்றிப் பத்து!"

நாடா அவிழ்ந்தது. அளப்பவள் மேட்டுக்குத் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. நான் அங்கேயே உட்கார்ந்து, தேநீர் ஆறிப் போகும்வரை அழுதேன்.

அந்தப் பக்கத்தில் இப்போது நான்தான் குறிப்பு போடுகிறேன். 'சத்தம்: பெண் குரல்கள், இரண்டு' என்று எழுதினேன். அடுத்து, 'காரணம்: தெரியவில்லை' என்று எழுதப் போனேன். எழுதியிருந்தால் பொய் என்று சண்டைக்கு வந்திருப்பாள். அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, அடுப்பில் அரிசியை ஏற்றினேன்.