பெஞ்சுக்கு அடியில் ஓடும் கால்கள்

குளத்தில் யாரோ தொப்பென்று விழும் சத்தம் கேட்கிறது. டார்லா அக்கா திரும்பவில்லை. எண்ணெய்ச் சட்டியிலிருந்து மாவில் தோய்த்துப் பொரித்த சீஸ் துண்டுகளை அரித்தெடுத்து, கூடையை இரண்டு தட்டு தட்டி, "மினசோட்டாக்காரன் விழுந்துட்டான்" என்கிறார். எட்டிப் பார்த்தால், மினசோட்டாக்காரன்தான் மூக்கைச் சிந்திக்கொண்டு கரையேறுகிறான்.

ஜூலை வந்தால் எங்கள் விஸ்கான்சின் ஊரில் கட்டை உருட்டும் போட்டி; பக்கத்து மாநிலமான மினசோட்டாவிலிருந்தும் ஆட வருவார்கள். தண்ணீரில் மிதக்கும் ஒரு மரக்கட்டை, அதன் மேல் எதிரும் புதிருமாக இரண்டு பேர். காலால் கட்டையை உருட்ட வேண்டும், ஒருவரை ஒருவர் தொடக் கூடாது, முதலில் தண்ணீருக்குள் போகிறவர் தோற்றவர். ஐந்தில் மூன்று எடுத்தால் ஆட்டம் கைக்கு வரும். அக்காவின் சீஸ் வண்டி கரையோரம் நிற்கிறது, குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு; பள்ளி விடுமுறையில் அதன் ஜன்னலுக்கு வெளியே நின்று காசு வாங்குவது என் வேலை. எதிரே பலகை பெஞ்சுகளில் ஊர் உட்கார்ந்து கட்டையைப் பார்க்கும். அக்கா ஜன்னல் வழியாக ஊரைப் பார்ப்பார்.

ஏன் திரும்புவதில்லை என்று கேட்டால் முழங்கையைக் காட்டுவார். அங்கே விஸ்கான்சின் மாநில வரைபடம் போலவே ஒரு தழும்பு. பூகோளத்தில் எனக்கு ஒழுங்காகத் தெரிந்த படம் அது ஒன்றுதான். "பாத்தா என் காலும் சேந்து ஓட ஆரம்பிச்சுருதுடா. ஒரு வருஷம் எண்ணெய்ச் சட்டியவே உதைச்சுட்டேன்" என்பார், ஏதோ பக்கத்து வீட்டு ஆள் செய்ததுபோல.

அவர் முகங்களைப் பார்ப்பதில்லை. பெஞ்சுக்கு அடியில் பார்க்கிறார். புதிதாக வருகிறவர்கள் கால் மேல் கால் போட்டுச் சிரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் மேலே இருந்த கால் கீழே இறங்கும். பிறகு குதிகால் தூக்கும். பிறகு இரண்டு கால்களும் காற்றில் ஓடும், ஓடுவது அந்த ஆளுக்கே தெரியாது. உள்ளூர்க்காரர்கள் இடது பக்கம், மினசோட்டா கூட்டம் வலது பக்கம். எந்தப் பக்கத்துக் கால்கள் முதலில் நிற்கின்றனவோ, அந்தப் பக்கத்து ஆள் அவுட். தண்ணீர்ச் சத்தம் அதற்குப் பிறகுதான் வரும்.

போன கோடையில் இதைச் சோதிக்க ஒரு வரிசைப் பையன்களைக் கூட்டிவைத்து, அக்காவின் மகள் சிக்னி கட்டை மேல் நன்றாகவே நிற்கும்போது, எல்லோரும் தலையில் கை வைத்து "ஐயோ!" என்று அலறினோம். அக்கா மாவு கரைத்துக்கொண்டே சொன்னார்: "வாய் கத்துது, கால் சும்மா கெடக்கே. போங்கடா, நாடகக் கம்பெனி."

சிக்னி இரண்டு வருடம் இறுதி ஆட்டம் வரை வந்து, இரண்டு முறையும் மினசோட்டா ஜோடீனிடம் தோற்றவள். இந்த வருடமும் அதே ஜோடீன்தான். இலையுதிர் காலத்தில் சிக்னி நர்ஸ் படிப்புக்கு அரிசோனா போகிறாள். அந்தப் பாலைவனத்தில் கட்டையை மிதக்கவிட எங்கே போவது? காலையில் வண்டிக்கு வந்து, "இதுதாம்மா கடைசி" என்றாள். அக்கா, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அவள் போன பிறகு ஒரே கிண்ணத்தில் இரண்டு தடவை உப்பைப் போட்டார்.

இறுதி ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் சிகாகோவிலிருந்து ஒருத்தர் வந்தார். புத்தம் புது வெள்ளை ஷூ. "இதெல்லாம் ஒரு வெளையாட்டா? எங்க வீட்டுக் குளியல் தொட்டியில என் பேத்தி இதைத்தான் பண்றா!" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அக்கா அவரிடம் தட்டை நீட்டிவிட்டு என்னிடம், "கோவப்படாத. அந்த வெள்ளை ஷூவை மட்டும் பாரு" என்றார்.

முதல் இரண்டையும் ஜோடீன் எடுத்தாள். வெள்ளை ஷூ கால் மேல் காலாக ஆடிக்கொண்டிருந்தது. மூன்றாவது சிக்னிக்கு; ஷூ கீழே இறங்கியது. நான்காவதில் அது பலகையில் தடதடவென்று அடித்தது, அவர் மடியில் சீஸ் ஆறிக் கிடந்தது. அதுவும் சிக்னிக்கே.

ஐந்தாவது தொடங்கியதும் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றுவிட்டது. நிற்கிற கால் ஓடுமா?

"உக்காருங்கய்யா! ஒண்ணும் தெரியல எனக்கு!" என்று அக்கா கத்தினார். யார் கேட்டார்கள்? அவர் தன் கால்களை இரண்டு மாவு மூட்டைகளுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டார். தூக்கிய கூடை தூக்கியபடியே நின்றது, எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

"திரும்பிப் பாருங்கக்கா, ஒரு தடவைதானே!"

"மாட்டேன். நீ பாருடா. நான் உன் மூஞ்சியப் பாத்துக்கறேன்."

எந்த வாத்தியாரும் நம்பாத முகம் என்னுடையது. அவர் கண்ணை எடுக்காமல் அதையே பார்த்தார்.

வண்டியைத் தாண்டிக் குளம் தெரிந்தது. தண்ணீர் தெறித்தது. முகத்தைத் தொங்கப்போட்டு அக்காவை ஒரு நொடி அலறவைக்கலாம் என்று முன்பே திட்டம் வைத்திருந்தேன். தாடை சொன்னபடி கேட்கவில்லை. பல்லெல்லாம் தானாக வெளியே வந்துவிட்டது, கண்ணில் வேறு என்னமோ வந்தது.

அக்கா கூடையைக் கொக்கியில் மாட்டினார். அடுப்பை அணைத்தார். பெஞ்சுகளில் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்திக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெள்ளை ஷூ ஓடி வந்தது, தொண்டை கட்டிப்போய்.

"அம்மா! நீங்க பாக்கவே இல்லையே! ஐயையோ, நான் சொல்றேன் கேளுங்க. அந்தப் பொண்ணு கட்டைய ஓட்டு ஓட்டுன்னு ஓட்டிச்சு. நெனைச்சே பாக்க முடியாத நேரத்துல டக்குனு நிறுத்திச்சு பாருங்க! எதிர்ல இருந்தவ நேரா தண்ணிக்குள்ள! என் வயசுக்கு நான் இப்படி ஒண்ணப் பாத்ததில்ல!"

"யோவ், அது இவங்க..." என்று ஆரம்பித்தேன். அக்கா ஒரு சூடான சீஸ் துண்டை என் வாயில் திணித்தார்.

"எப்படி நிறுத்திச்சு? இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் அவரிடம்.

அவர் அந்த இடத்திலேயே ஓடிக் காட்டி, நின்று காட்டி, முதலிலிருந்து தொடங்கினார். அக்கா ஒரு காகிதத் தட்டை எடுத்து அவருக்காக சீஸை அள்ளிப் போட ஆரம்பித்தார். தட்டு நிறைந்தது. துண்டுகள் ஜன்னல் பலகையில் உருண்டு, அவருடைய ஷூ மேல் விழுந்தன. அக்காவின் கண் அவர் கால்களை விட்டு நகரவில்லை, கை அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தது.